கருவாடுகளின் கவனத்திற்கு

ஜன்னலோரம் நீங்களே ஒக்காருங்க தம்பி. எனக்குக் காத்து வேணாம். ஆறேழு வருஷமா காத்தைத்தானே படிச்சேன், தெக்கேருந்து எவ்வளவு, கெழக்கேருந்து எவ்வளவுன்னு. அலுத்துப்போச்சு. எதுவரைக்கும் போறீங்க? வேதாரண்யமா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். எங்க அக்கா வூட்டுக்கு. எத்தனை நாளைக்குன்னு கேக்காதீங்க. எம் பொண்டாட்டி வந்து, "நான் செஞ்சது தப்புதான்"னு ஒரு வார்த்தை சொல்ற வரைக்கும்னு வச்சுக்குங்க.

ஆமா, கோவிச்சுக்கிட்டுத்தான் கெளம்பி வந்துட்டேன். இதுல மறைக்க என்ன இருக்கு. ஊரே கேக்க மைக்ல என்னை அவமானப்படுத்திட்டா. என்னா சொன்னாங்கறதை எடுத்தவொடனே சொன்னா நீங்க சிரிச்சாலும் சிரிப்பீங்க. அதனால மொதல்லேருந்து சொல்றேன். படிச்ச புள்ளையாத் தெரியுறீங்க. கேட்டுட்டு, நியாயம் எம் பக்கமா அவ பக்கமான்னு நீங்களே சொல்லுங்க.

எம் பேரு அமிர்தலிங்கம். சாவடித்திட்டு மைக் அமிர்தலிங்கம்னா பக்கத்துக் குப்பத்துலயெல்லாம் தெரியும். நானும் கடலுக்குப் போனவன்தான். தோள்பட்டை எறங்கிப் போனதுலேருந்து வலை இழுக்க முடியல. எங்க நாட்டார் பக்கிரிசாமி, அவருதான் ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைவரு, "இவனுக்குத் தோளு போனா என்ன, தொண்டை நல்லாருக்கு"ன்னு சொல்லி என்னை மைக்ல ஒக்கார வச்சாரு. கோயிலுக்குப் பக்கத்துல தளம் போட்ட ரூமு. உள்ள மைக்கு, மேல ஒலிபெருக்கிக் கொழா. காலையிலயும் சாயங்காலமும் போன்ல வானிலைச் சேதி வரும். நான் அதை வாசிக்கணும். "கடல் தொழிலுக்குச் செல்லும் அன்புச் சொந்தங்களே"ன்னு ஆரம்பிச்சேன்னா தூங்குறவன் எந்திரிச்சு ஒக்காருவான். நானே சொல்லிக்கக் கூடாது, ஆனா குரல் அப்படி.

சேதியில எல்லாம் இருக்கும். காத்து, அலை, நீரோட்டம். கடைசியில மழையும் இருக்கும். மழையை மட்டும் நான் வாசிக்கிறதில்ல. ஏன்னு கேளுங்க. கடல்ல இருக்கறவனுக்கு மழை பெய்ஞ்சா என்ன, பெய்யாட்டி என்ன? அவன் ஏற்கனவே நனைஞ்சுபோய்த்தானே இருக்கான்! தேவையில்லாததை வாசிச்சா தேவையானதுக்கு மரியாதை போயிடும்.

மழைன்னா பயப்படுறது கரையில இருக்கற பொம்பளைங்கதான். எங்க ஊரு பொம்பளைங்களுக்குக் கருவாடுதான் தொழிலு. ஏலத்துல மீனை எடுத்து, கழுவி, உப்புப் போட்டு, மணல்ல வலையை விரிச்சுக் காயவைப்பாங்க. அந்த எடத்தைக் களம்னு சொல்லுவோம். நல்ல வெயில் வேணும். முன்னல்லாம் தை பொறந்துட்டா ஆடி வரைக்கும் வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டிய வேலையே கெடையாது. மீனைப் போட்டுட்டு வூட்டுக்கு வந்து சோறாக்கலாம், புள்ளைக்குத் தலை வாரலாம். இப்ப அப்படி இல்ல. மாசியில கொட்டுது, பங்குனியில இடிக்குது. வெயில் அடிச்சா அதுவும் அளவா அடிக்கிறதில்ல, மீனு காயறதுக்குள்ள வெந்து ஒடையுது. ஒருநாள் நனைஞ்ச நெத்திலியை மறுபடி காயப்போட்டாலும் புழு வச்சுடும். அப்பறம் கோழித் தீவனத்துக்குத்தான் போவும், அவன் குடுக்கறதை வாங்கிக்க வேண்டியதுதான்.

இதுக்கு ஒரு கூட்டமே போட்டாங்க தம்பி எங்க ஊருல. சென்னையிலேருந்து ஒரு அமைப்புக்காரங்க வந்தாங்க. பேனர்ல, "காலநிலை மாற்றமும் மீனவ மகளிர் வாழ்வாதாரமும்"னு பெருசா போட்டிருந்துச்சு. பஞ்சாயத்து மண்டபத்துல கூட்டம். நாங்க ஆம்பளைங்க அம்புட்டு பேரும் வேட்டி மாத்திக்கிட்டு முன்னாடியே போய் ஒக்காந்துட்டோம். வந்த அம்மா ஒண்ணு கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்துட்டு, "மகளிர் எங்க?"ன்னு கேட்டுச்சு. மண்டபத்துல பொம்பளைங்க ஏறுற வழக்கம் இல்லன்னு நாட்டார் பதமா எடுத்துச் சொன்னாரு. "பின்னாடி டீ போடுறாங்க, நீங்க கேக்கறதை எங்ககிட்ட கேளுங்க, நாங்க சொல்றோம்"னாரு. அந்தம்மா என்னைப் பார்த்து, இந்தப் பருவம் மாறுனதுல உங்க ஊர்ல அதிகமா கஷ்டப்படுறது யாருன்னு கேட்டுச்சு. நான் எந்திரிச்சு, "நாங்கதாம்மா. கருவாடு நனைஞ்சா அவளுவோ கத்துவாளுவோ, ராத்திரி முழுக்க அதைக் கேட்டுக்கிட்டுக் கெடக்குறது யாரு?"ன்னேன். மண்டபமே கைதட்டுச்சு. அந்தம்மா மட்டும் தட்டல. டீயைக் கூடக் குடிக்கல.

அந்தக் கூட்டம் முடிஞ்சு நான் எறங்கி வர்றப்ப காத்தாயி வழியில நின்னுச்சு. காத்தாயி எனக்குத் தங்கச்சி முறை. புருஷனைக் கடல்ல குடுத்துட்டு, கருவாட்டுக் கூடையைத் தலையில வச்சுக்கிட்டு ஊர் ஊராப் போய் ரெண்டு புள்ளைங்களை வளர்க்குது. "அண்ணே, அந்தச் சேதியில மழையும் வருதாமே. அதையும் ஒரு வார்த்தை சேர்த்துப் படிக்கக் கூடாதா?"ன்னுச்சு. நான் கோவப்படல. பொறுமையாத்தான் சொன்னேன். "தங்கச்சி, மழை உங்களுக்கான சேதி. அதைச் சொல்லணும்னா உங்களை விளிச்சுல்ல சொல்லணும்? மைக்ல பொம்பளைங்களை விளிக்கிற வழக்கம் நம்ம ஊர்ல இருக்கா?"ன்னேன்.

நெசமாவே கெடையாது தம்பி. பொம்பளை பேரு எங்க ஊர் மைக்ல வராது. செத்துப்போனாக்கூட "இன்னாருடைய மனைவி இயற்கை எய்தினார்"னுதான் வாசிப்பேன். மரியாதை அது. பொத்தி வைக்கிறது. அது புரியாம காத்தாயி என்னை ஒரு மாதிரி பார்த்துட்டுப் போச்சு.

அப்பறம் பங்குனி வந்துச்சு. அந்த வருஷம் மாதிரி நெத்திலிப்பாடு நான் பார்த்ததில்ல. ரொம்ப நாளா மீனே அண்டாத கரை, அன்னைக்கு வெள்ளிக்காசைக் கொட்டுன மாதிரி கெடந்துச்சு. ஐஸ் வைக்க வழியில்ல, அவ்வளவும் களத்துக்குப் போச்சு. எம் பொண்டாட்டி சிங்காரவல்லி காதுத்தோட்டைக் கழட்டி வச்சு ஏலம் எடுத்தா. களத்துல கால் வைக்க எடமில்ல.

மறுநாள் காலையில சேதி வந்துச்சு. மதியத்துக்கு மேல இடியோட பலத்த மழைன்னு. நான் காத்தை வாசிச்சேன், அலையை வாசிச்சேன், மைக்கை அணைச்சேன். வூட்டுக்கு வந்தேன். அவ கஞ்சி ஊத்துனா, நெத்திலி வறுத்து வச்சா. சாப்புட்டேன். "இன்னைக்கு மட்டும் காஞ்சுட்டாப் போதுங்க, நாளைக்கு மூட்டை கட்டிடலாம்"னா. "ம்"ன்னேன். படுத்துட்டேன்.

என்ன தம்பி அப்படிப் பார்க்குறீங்க? அவகிட்ட சொல்லிருக்கலாமேன்னா? ஆபீஸ் விஷயத்தை வூட்டுல பேசுற பழக்கம் எனக்குக் கெடையாது. இன்னைக்கு என் வூட்டுல மட்டும் சொன்னேன்னா, நாளைக்கு ஊருல என்ன பேசுவான்? மைக்ல இருக்கான், தன் பொண்டாட்டிக்கு மட்டும் சேதி சொல்லித் தன் கருவாட்டைக் காப்பாத்திக்கிட்டான்னு பேச மாட்டானா? நான் நேர்மையானவன் தம்பி. அதுதான் எனக்கு எமன்.

மூணு மணி வாக்குல பொத்துக்கிட்டு ஊத்துச்சு. பொம்பளைங்க ஓடுன ஓட்டம் இருக்கே. தார்ப்பாயைப் பிரிக்கறதுக்குள்ள எல்லாம் மெதக்குது. மணலும் மீனும் கொழகொழன்னு ஓடைக்கு ஓடுது. சிங்காரவல்லி களத்து நடுவுல ஒக்காந்து, ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளி மடியில போட்டுக்கிட்டே அழுவுறா. எனக்கும் பார்க்கப் பொறுக்கல தம்பி, பொய் சொல்லல. கட்டுன பொண்டாட்டி அழுதா யாருக்குத்தான் தாங்கும்? போயி அவ தோளைத் தொட்டு, ஆறுதலா ஒரு வார்த்தை சொன்னேன். "விடு வல்லி. இது இப்படித்தான் ஆவும்னு எனக்குக் காலையிலயே தெரியும்"னேன்.

சொல்லியிருக்கக் கூடாதுதான். நான் ஆறுதலுக்குச் சொன்னேன். அவ அழுகையை நிறுத்திட்டா. நிமிர்ந்து பார்த்தா. சுத்தி நின்ன பொம்பளைங்களும் பார்த்தாளுவோ. ஒருத்தி கூடத் திட்டல தம்பி. திட்டியிருந்தா அன்னைக்கோட போயிருக்கும்.

மறுநாள் விடியக்காலம் படகெல்லாம் மீனோட கரைக்கு வருது, ஏலத்துக்கு ஒரு பொம்பளை இல்ல. எங்க ஊர்ல ஏலம் கூறுறவளும் பொம்பளை, எடுக்கறவளும் பொம்பளை. ஆம்பளை மீனைக் கரையில போட்டதோட சரி, அது காசா ஆவுறது அவளுவோ கையிலதான். மீனைப் பரப்பிட்டு நிக்குறானுவோ. வெயில் ஏறுது. கண்ணு சிவந்து, செவுளு வெளுத்து, மீனு எங்களையே பார்க்குது. நாட்டார் குடையை விரிச்சு மீனுக்குப் புடிக்கிறாரு, எம்புட்டு மீனுக்குத்தான் புடிப்பாரு? அன்னைக்கும் மறுநாளும் புடிச்ச மீனு அம்புட்டும் நாறிப்போச்சு. பொம்பளைங்க ஒரே பேச்சாச் சொல்லிட்டாளுவோ. மழையைப் படிக்கச் சொல்லுங்க, ஏலத்துக்கு வர்றோம்னு.

பஞ்சாயத்து கூடுச்சு. மழையை வாசிக்கிறதுன்னு முடிவாச்சு. யாரை விளிச்சு வாசிக்கிறதுங்கறதுலதான் முட்டிக்கிச்சு. "அன்புச் சகோதரிகளே"ன்னு ஒருத்தன் சொன்னான். இன்னைக்குச் சகோதரின்னு ஆரம்பிச்சா நாளைக்கு மண்டபத்துல நாற்காலி கேப்பாளுவோன்னு இன்னொருத்தன் எந்திரிச்சான். விடிய விடியப் பேசுனோம். கடைசியில நாட்டார்தான் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுச் சொன்னாரு. "பொம்பளைங்களைக் கூப்புடவே வேணாம். மழையில நனையப்போறது யாரு? கருவாடு. அமிர்தலிங்கம், நீ கருவாட்டைக் கூப்புடு."

எப்பேர்ப்பட்ட மூளை பாருங்க! வழக்கமும் கெடல, காரியமும் ஆச்சு. மறுநாளே வாசிச்சேன். "களத்தில் காய்ந்துகொண்டிருக்கும் நெத்திலி, வாளை, காரை மற்றும் சென்னாக்குன்னி ஆகிய கருவாடுகளின் கவனத்திற்கு. இன்று மாலை மழை பெய்யக்கூடும் என்பதால் தாங்கள் உரிய நேரத்தில் உள்ளே செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்."

பொம்பளைங்க மொதல்ல சிரிச்சாளுவோ. அப்பறம் கருவாட்டை அள்ளுனாளுவோ. மழை வந்துச்சு, ஒரு மீனு நனையல. சுறாக் கருவாடு போடுறவ மட்டும், சுறாவை ஏன் சொல்லல, எங்க சுறா கருவாடு இல்லையான்னு சண்டைக்கு வந்தா. அதையும் சேர்த்துக்கிட்டேன். நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு தம்பி. சிங்காரவல்லிதான் ஒருநாள் சோறு போடுறப்ப கேட்டா. "கருவாட்டை வாங்க போங்கன்னு மரியாதையாக் கூப்புடுறீங்க. எங்களை ஒருநாளும் கூப்புடலையே?"ன்னா. குழம்புல உப்பு கம்மின்னேன்.

இப்ப காத்தாயி விஷயத்துக்கு வர்றேன். அதைச் சொல்லித்தான் ஆவணும். போன சித்திரையில ஒருநாள் சேதி வந்துச்சு. மழை, பலத்த இடி மின்னல், யாரும் தெறந்த வெளியில நிக்க வேண்டாம், மரத்தடியில ஒதுங்க வேண்டாம்னு போட்டிருந்துச்சு. நான் மழையை வாசிச்சேன். மின்னலை வாசிக்கல. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க தம்பி. பஞ்சாயத்து எனக்குக் குடுத்த உத்தரவு கருவாட்டுக்கு மட்டும். கருவாட்டைப் பார்த்து, மரத்தடியில ஒதுங்காதீங்கன்னு வாசிச்சா ஊரு சிரிக்காது?

வழக்கம்போல எல்லாரும் களத்துக்கு ஓடி அள்ளுனாங்க. கடைசி வலையைச் சுருட்டிக்கிட்டு இருந்தது காத்தாயி. பக்கத்து மணல்லதான் விழுந்துச்சு இடி. நேரா மேல விழல, விழுந்திருந்தா அங்கேயே முடிஞ்சிருக்கும். தூக்கி எறிஞ்சிருச்சு. ஆஸ்பத்திரியில கெடந்து எந்திரிச்சுது. இப்ப ரெண்டு காதும் கேக்கல. வலது கையில சுரணை இல்ல, கூடை தூக்க முடியாது. நான் போய்ப் பார்த்தேன். "கருவாடு நனையலையே அண்ணே?"ன்னு கேட்டுச்சு. நனையலன்னேன். அதுக்குக் கேக்கல. தலையை ஆட்டிக் காட்டுனேன். வெளிய வந்து ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அழுதேன் தம்பி. யாரும் பார்க்கல.

ஆனா அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? வாசிக்கச் சொன்னதை வாசிச்சேன். பஞ்சாயத்துலயும் எம் மேல தப்பில்லன்னு சொல்லிட்டாங்க. அடுத்த கூட்டத்துல மின்னலைப் பத்திப் பேசி முடிவெடுக்கலாம்னாங்க. கூட்டம் தள்ளித் தள்ளிப் போச்சு. பொம்பளைங்க மறுபடி ஒண்ணும் பேசல. ஏலத்தை நிறுத்துனதும் இப்படிப் பேசாமத்தான், இருந்தாலும் பொறுப்புன்னு ஒண்ணு இருக்குல்ல, நான் போய் வாசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.

முந்தாநாள். மதியம் குளிச்சுட்டு வர்றேன், ஆணியில மாட்டுன மைக் ரூம் சாவியைக் காணும். சேதி வர்ற போனையும் காணும். வானம் கறுத்துக்கிட்டு வருது. தேடிக்கிட்டு இருக்கறப்பவே கொழா கரகரங்குது. யாருடா நம்ம மைக்குலன்னு காதைத் தீட்டுறேன், சிங்காரவல்லி குரலு!

துண்டைக் கட்டிக்கிட்டு ஓடுனேன். ரூமு வாசல்ல பத்துப் பதினஞ்சு பொம்பளைங்க. என்னை உள்ள விடல. சரி, ஆம்பளை அடிதடியில எறங்கக் கூடாதுன்னு, எதுத்தாப்புல இருக்கற தென்னமரத்தடியில கையைக் கட்டிக்கிட்டு மொறைச்சுக்கிட்டு நின்னேன். என்னைப் பார்த்தாவது வெக்கப்பட்டு எறங்கி வருவாள்னு நெனச்சேன். அவ எட்டாவது படிச்சவ, எழுத்துக் கூட்டாம கடகடன்னு வாசிக்கிறா. காத்து, அலை, மழை, மின்னல் எதையும் விடல. வாசிச்சுட்டு, அதோட நிறுத்துனாளா?

பேரு வாசிக்க ஆரம்பிச்சா தம்பி. கருவாடு பேரு இல்ல. பொம்பளைங்க பேரு. "பட்டம்மா, போதும் உள்ள வா. மாரிக்கண்ணு, மீனு போனாப் போவுது, வா. தில்லைநாயகி, உங்க அம்மாளையும் கூட்டிக்கிட்டு வா." இன்னாரு பொண்டாட்டி, இன்னாரு மவள்னு ஒரு அடையாளம் கூட இல்ல, மொட்டையாப் பேரு. யாரு தில்லைநாயகின்னு எனக்குத் தெரியல. களத்துலேருந்து ஒரு பொண்ணு எந்திரிச்சு ஓடிவர்றதைப் பார்த்தப்பறம்தான், அட, நம்ம நாட்டார் மருமவள்னு தெரிஞ்சுது. எங்க ஊர்ல இத்தனை பொம்பளைங்க இருக்காங்கன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். காத்தாயி பேரையும் சொன்னா. அதுக்குத்தான் காது கேக்காதே, அதைச் சொல்லி என்ன பிரயோஜனம்னு நெனச்சேன். பக்கத்துல இருந்த ரெண்டு பேரு அதைக் கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க.

களம் காலியாயிடுச்சு. எல்லாரும் ரூமுலயும் கோயில்லயும் ஒண்டிக்கிட்டாங்க. நான் மட்டும் மரத்தடியில. ஜன்னல் வழியா என்னைப் பார்த்தா. இப்பதான் தம்பி விஷயத்துக்கு வர்றேன். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம். இத்தனை வருஷத்துல எம் பேரை அவ வாயால ஒரு தடவை சொன்னதில்ல. ரேஷன் கடையில புருஷன் பேரு என்னன்னு கேட்டாக்கூட கார்டைத்தான் நீட்டுவா. அப்படிப்பட்டவ, மைக்கை வாய்கிட்ட வச்சுக்கிட்டு, ஊரே கேக்க, கடல் வரைக்கும் கேக்கச் சொல்றா.

"அமிர்தலிங்கம். மரத்தடியில நிக்காதீங்க. உள்ள வாங்க."

எப்படி இருக்கும் எனக்கு? முகத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. புருஷன் பேரைச் சொல்லிட்டா! கோவம்னா கோவம், அப்படியொரு கோவம் எனக்கு வந்ததே இல்ல. அவ கன்னத்துல ஒண்ணு வைக்காம விடறதில்லன்னு பாஞ்சு ஓடுனேன். பொம்பளைங்க இந்தத் தடவை வழி விட்டாளுவோ. வாசப்படியில கால் வைக்கிறேன், பின்னாடி கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒரு வெளிச்சம், காது கிழியற மாதிரி சத்தம். திரும்பிப் பார்க்குறேன், நான் நின்ன மரம் குருத்துலேருந்து அடி வரைக்கும் பொளந்து எரியுது.

அது வேற விஷயம். நான் சொல்ல வந்தது பேரைச் சொன்னதைப் பத்தி.

ஓங்குன கையை எறக்கிட்டேன். அவ எனக்குத் தண்ணி மொண்டு குடுத்தா. குடிச்சேன். ஆனா மனசு ஆறல. ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. இன்னைக்கு வரைக்கும் ஊர்ல எவன் என்னைப் பார்த்தாலும் "அமிர்தலிங்கம், உள்ள வாங்க"ங்கறான். சின்னப் பசங்க கூட. அதான் பையைத் தூக்கிட்டேன். வாசல்ல நின்னவ தடுக்கவும் இல்ல. சாயங்காலச் சேதிக்கு நேரமாச்சுன்னு மைக் ரூமுக்குப் போயிட்டா.

எல்லாரும் என்ன சொல்றாங்க தெரியுமா தம்பி? அவதான் என்னைக் காப்பாத்துனாளாம். நாட்டாரே சொல்றாரு, அவரு மருமவளும் அன்னைக்குப் பொழைச்சாளாம், அதனால இனிமே அவளே வாசிக்கட்டுமாம். பேச்சைப் பாருங்க. அவ பேரைச் சொன்னா, எனக்குக் கோவம் வந்துச்சு. கோவம் வந்ததாலதான் ஓடுனேன். ஓடுனதாலதான் தப்பிச்சேன். என்னைக் காப்பாத்துனது என் கோவம் தம்பி, அவ இல்ல. நீங்களே சொல்லுங்க, நான் சொல்றது சரிதானே?